எட்டு நாள் கடிகாரம் எட்டு நாளும் ஓட: பழைய கார்களின் டாஷ்போர்டு கடிகாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1920களில் வந்த ஒரு காரைத் தேடி வாங்கி, இன்ஜினை ஓட வைத்து, மரச்சட்டத்தைச் சீர்செய்து, தோல் இருக்கைகளைப் புதிதாகத் தைத்து, பித்தளையை எல்லாம் மின்ன வைத்தவர்கள்கூட ஒன்றை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். டாஷ்போர்டு கடிகாரம் பத்தே காலில் நின்றுகிடக்கும். கேட்டால், "அந்தக் காலத்து கார் கடிகாரமே அப்படித்தான், ஓடவே ஓடாது" என்பார்கள்.

அது உண்மையில்லை. அந்தக் கடிகாரங்களின் உள்ளே இருப்பது நல்ல தரமான பாக்கெட் வாட்ச் இயந்திரம். அதே இயந்திரத்தை மேசைமேல் வைத்தால் வாரத்துக்கு ஓரிரு நிமிட வித்தியாசத்தோடு ஓடும். காரில் வைத்ததும் நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் கார்தான்: அதிர்வு, தூசி, வெப்பம். மீதிக் காரணம் முப்பது நாற்பது வருடமாக மாற்றாத எண்ணெய். அதனால்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் முள்ளை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்ப்பதால் எதுவும் நடப்பதில்லை. கடிகாரம் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

எந்தக் கடிகாரங்களைப் பற்றிப் பேசுகிறோம்

கார் வந்த புதிதில் டாஷ்போர்டுக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. குதிரை வண்டிகளில் செய்ததைப் போலவே, ஒரு பித்தளைக் கூட்டைத் திருகி வைத்து அதற்குள் பாக்கெட் வாட்சைச் செருகினார்கள். அப்புறம்தான் ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கார் கடிகாரங்கள் வந்தன.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நிறுவனம் செய்த எட்டு நாள் இயந்திரம் இவற்றில் பேர்பெற்றது. கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் பேரல் என்ற உருளைகள் இரண்டு கொண்டது. தேய்மானத்தைக் குறைக்க உள்ளே வைக்கும் சிறு கற்களின் எண்ணிக்கைப்படி 7 கல், 15 கல் என்று வகைகள் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் 1921 முதல் 1931 வரை அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கட்டிய கார்களில் வால்தம் கடிகாரங்களைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஸ்மித்ஸ், 1904இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் மெர்சிடிஸுக்கு ஸ்பீடோமீட்டர் செய்துகொடுத்த அதே நிறுவனம். சுவிட்சர்லாந்தில் டாக்ஸாவின் எட்டு நாள் இயந்திரம் புகாட்டி கார்களில் இடம்பிடித்தது. அமெரிக்க ஃபின்னி வாக்கர் கடிகாரங்களில் சாவியே கிடையாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் ஏறும்.

பெயர் எதுவானாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மெயின் ஸ்பிரிங், அதன் விசையைக் கடத்தும் பல்சக்கர வரிசை, அந்த வரிசையின் கடைசியில் எஸ்கேப் வீல், அதை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல், அதை ஆட வைக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங். பெரும்பாலானவை மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு 5 முறை டிக் அடிக்கும்.

இங்கே ஒரு சின்ன கணக்கு. எட்டு நாள் என்பது 192 மணி நேரம். ஒரே ஒரு முறை கொடுத்த சாவி 34 லட்சத்து 56 ஆயிரம் டிக்குகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஒரு டிக்குக்குக் கிடைக்கும் விசை எவ்வளவு சொற்பம் என்று பாருங்கள். ஒரு நாள் வாட்சோடு ஒப்பிட்டால் இதில் பல்சக்கர வரிசையும் நீளம். பேரல் பக்கம் கையை வெட்டும் அளவுக்குப் பலம். எஸ்கேப் வீல் பக்கம் ஒரு தூசு தடுத்தால் நின்றுவிடும் அளவுக்கு மெலிவு. எட்டு நாள் கடிகாரம் அழுக்கைச் சகிக்காததற்குக் காரணம் இதுதான்.

முதல் படி: திறக்காதீர்கள், மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள்

கடிகாரம் எங்கே தோற்கிறது என்று தெரியாமல் திறப்பது வீண். மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

முதல் வாரம் கடிகாரத்தை காரிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள். டயல் காரில் எந்தச் சாய்வில் நிற்குமோ அதே சாய்வில், 12 மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். முழுச் சாவி கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் வாரம் அதைக் காரில் பொருத்தி, காரை எடுக்காமல் நிழலில் நிறுத்தி, அதே கணக்கை எழுதுங்கள். மூன்றாம் வாரம் வழக்கம்போல் காரை ஓட்டுங்கள்.

வீட்டிலேயே மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நின்றால் கோளாறு இயந்திரத்தில். அழுக்கு, காய்ந்த எண்ணெய், தளர்ந்த ஸ்பிரிங் இவற்றில் ஒன்று. வீட்டில் எட்டு நாளும் ஓடி, காரில் வைத்ததும் காரை எடுக்காதபோதே தப்பாக ஓடினால், பொருத்திய விதத்தையோ அருகிலுள்ள காந்தத்தையோ சந்தேகப்படுங்கள். ஓட்டும்போது மட்டும் தடுமாறினால் அதிர்வும் வெப்பமும். இந்த நோட்டு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரிப்பேர்காரரிடம் கொடுப்பதானாலும் இதையும் சேர்த்துக் கொடுங்கள். அவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இந்தச் சோதனையின்போதே முட்களையும் கவனியுங்கள். பக்கவாட்டிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிமிட முள் கண்ணாடியில் உரசுகிறதா, மணி முள்ளைத் தொடுகிறதா என்று தெரியும். இரண்டு முட்களும் ஒன்றின்மேல் ஒன்று வரும் நேரத்திலேயே திரும்பத் திரும்ப நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம். உள்ளே எந்தக் குறையும் இல்லாமல், வளைந்த ஒரு முள்ளுக்காகப் பல வருடம் நின்றுகிடந்த கடிகாரங்களைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: ரேடியம் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இருட்டில் ஒளிர வேண்டும் என்று அந்தக் காலத்தில் எண்களுக்கும் முட்களுக்கும் ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். இன்று அது ஒளிராது. கூடவே கலந்த துத்தநாக சல்ஃபைடு செத்துவிட்டது. ஆனால் ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. நூறு வருடத்துக்கு முன் பூசியது இன்றும் கிட்டத்தட்ட அதே அளவு கதிர்வீச்சோடுதான் இருக்கிறது.

முட்களின் நடுவிலோ எண்களின் மேலோ பழுப்பேறிய, பொரபொரத்த, தடித்த பூச்சு தெரிந்தால் ரேடியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உதிர்ந்த பொடி மூச்சில் போவதும், விரலில் ஒட்டி வாய்க்குள் போவதும்தான் ஆபத்து. சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், புதுப் பூச்சு பூச ஆசைப்படாதீர்கள். பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தால் திறக்காமல், இந்த வேலையில் பயிற்சி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். உதிராமல் இருந்தாலும் கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈரத் துணி விரித்த மேசையில் வேலை செய்யுங்கள். அந்த மேசையில் சாப்பாடு, டீ எதுவும் வேண்டாம்.

மூன்றாம் படி: கழற்றுவது

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒரு கடிகாரத்தையும் பிரித்துப் பூட்டியதில்லை என்றால் கார் கடிகாரத்தில் பழகாதீர்கள். இரண்டு மூன்று பழைய அலாரம் கடிகாரங்களை வாங்கிப் பிரித்துப் பழகுங்கள். இல்லையென்றால் சுத்தம் செய்யும் வேலையை நல்ல வாட்ச் ரிப்பேர்காரரிடம் விட்டுவிட்டு, சோதனை, கூடு, பொருத்துதல் ஆகிய மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும் வாட்ச் கடையில் யாரும் செய்து தரமாட்டார்கள்.

பிரிப்பதென்றால் முதல் வேலை மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. சாவித் தண்டைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, கிளிக் எனப்படும் பூட்டு நாக்கை மெல்ல விலக்கி, தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விரலுக்குள் நழுவ விட வேண்டும். கை வழுக்கிவிட்டால் கிளிக்கை உடனே விட்டுப் பூட்டிக்கொள்ளச் செய்யுங்கள். விசை இறங்காத நிலையில், சக்கரங்களைப் பிடித்திருக்கும் பாலம் என்ற தகட்டின் ஒரு திருகைக் கழற்றினால்கூட சக்கரங்கள் சுழன்று பற்கள் உதிரும், பிவட்கள் எனப்படும் மெல்லிய அச்சு முனைகள் முறியும். இரண்டு பேரல் உள்ளவற்றில் இரண்டுமே முழுக்கத் தளர்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். திருகுகளை எடுத்த வரிசையிலேயே சின்னச் சின்னக் கிண்ணங்களில் வையுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு திருகுகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். அதை மாற்றிப் போட்டால் கீழேயுள்ள சக்கரத்தில் போய் முட்டும்.

நான்காம் படி: சுத்தம்

பழைய எண்ணெய் பிசினாக இறுகி, தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும். வாட்ச் கிளீனிங் திரவம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சிகரெட் லைட்டரில் ஊற்றும் பெட்ரோல் போதும். ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் காய்ந்த பின்னும் மெல்லிய படலம் விட்டுப் போகும். கடைசி அலசலுக்கு அது ஆகாது.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பேலட்டையும் பேலன்ஸையும் ஊற வைக்காதீர்கள். பேலட்டின் கற்களும், பேலன்ஸ் அடியிலுள்ள சின்ன இம்பல்ஸ் கல்லும் அரக்குப் பசையால் ஒட்டப்பட்டவை. ஆல்கஹாலில் அரக்கு கரையும். கல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கடிகாரம் கெட்டது. அந்த இரண்டு பாகங்களையும் லைட்டர் பெட்ரோலில் மட்டும் அலசி எடுங்கள்.

திரவத்தில் அலசினால் மட்டும் போதாது. கூர்சீவிய மெல்லிய மரக்குச்சியை ஒவ்வொரு கல் துளையிலும் விட்டுத் திருக வேண்டும். குச்சி முனை கறுத்து வந்தால் மறுபடி சீவி, மறுபடி திருக வேண்டும், முனை வெள்ளையாகவே வெளியே வரும்வரை. ஒரு கடிகாரத்துக்கு இதிலேயே ஒரு மணி நேரம் போகும். போகட்டும். நம்பகத்தன்மை என்று நாம் பேசுவதில் பாதி இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: தேய்மானம், முக்கியமாக மெயின் ஸ்பிரிங்

சுத்தமான பாகங்களை லென்ஸின் கீழ் பாருங்கள். பிவட்டில் கோடு விழுந்திருக்கிறதா, கல்லில் விரிசல் இருக்கிறதா, பேலன்ஸ் பிவட்டின் நுனி தட்டையாகியிருக்கிறதா. மேடு பள்ளமான சாலைகளில் அடிபட்ட கடிகாரங்களில் பேலன்ஸ் பிவட்தான் முதலில் போகும். அதிர்ச்சி தாங்கும் கல் அமைப்புகள் பரவலானது 1930களுக்குப் பிறகுதான். அதற்கு முந்தையவற்றில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிவட் போயிருந்தால் புது ஸ்டாஃப், அதாவது பேலன்ஸின் அச்சு, போட வேண்டும், அது லேத் உள்ளவரின் வேலை.

மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்ததும் தரையில் விட்டுப் பாருங்கள். நல்ல ஸ்பிரிங் பெரிதாக விரியும். தளர்ந்தது பேரலுக்குள் இருந்த அளவைவிடச் சற்றே பெரிய சுருளாகவே கிடக்கும். அது எட்டு நாள் இழுக்காது. நீல நிறக் கார்பன் ஸ்டீல் ஸ்பிரிங்கின் இன்னொரு குணம், ஒரு மழைக்கால இரவில் யாரும் தொடாமலே முறிவது. அதில் துரு ஒரு புள்ளி தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இப்போது கிடைக்கும் துருப்பிடிக்காத வெள்ளை அலாய் ஸ்பிரிங் எளிதில் தளராது, முறியாது. பழைய பாகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை ஒரு கவரில் போட்டு காரின் பேப்பர்களோடு வைக்கலாம். ஓடும் கடிகாரத்துக்குப் புது ஸ்பிரிங்தான் சரி.

அளவெடுக்கும்போது அகலம், தடிமன், நீளம் மூன்றும் வேண்டும். தடிமனில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். "கொஞ்சம் பலமானதாகப் போட்டால் நன்றாக ஓடும்" என்ற எண்ணம் தவறு. ஸ்பிரிங்கின் விசை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 10 சதவீதம் தடிமன் கூடினால் விசை 33 சதவீதம் கூடிவிடும். முழுச் சாவியில் பேலன்ஸ் அளவு மீறி ஆடி, இம்பல்ஸ் கல் பேலட்டின் பின்பக்கம் மோதி, குதிரை ஓடுவதுபோல் சத்தம் வரும். நாளுக்குப் பல நிமிடம் முந்தும். இன்னொரு பக்கம், தடித்த ஸ்பிரிங் பேரலை அடைத்துக்கொள்வதால் சுற்றுகளும் குறையும். பேரலின் நடுவிலுள்ள ஆர்பர் என்ற தண்டு போக மிஞ்சிய இடத்தில் பாதியை ஸ்பிரிங் நிரப்பினால்தான் அதிகபட்சச் சுற்று கிடைக்கும். அதைவிடக் கூடினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம்.

புது ஸ்பிரிங்கைக் கையால் சுருட்டி பேரலுக்குள் திணிக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஸ்பிரிங் கூம்பாக வளைந்து பேரலின் மூடியில் உரசும். ஸ்பிரிங் வைண்டர் கருவி இல்லையென்றால் இருப்பவரிடம் போய்ப் போட்டு வாருங்கள்.

ஆறாம் படி: எண்ணெய்

கோளாறாகி வந்த கடிகாரங்களில் எண்ணெய் இல்லாமல் நின்றவற்றைவிட, எண்ணெய் அதிகமாகி நின்றவற்றையே நான் அதிகம் திறந்திருக்கிறேன். ஒரு கடிகாரத்தில், முன்பு பார்த்தவர் ஸ்பிரே கேனால் பின்பக்கம் முழுக்க அடித்திருந்தார். இரண்டு நாள் அருமையாக ஓடியதாம். அப்புறம் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கணக்கில் முந்த ஆரம்பித்துவிட்டது.

மெயின் ஸ்பிரிங்குக்கு, வாட்ச் எண்ணெய் செய்யும் மோபியஸ் நிறுவனத்தின் 8200 கிரீஸ் மெல்லிய பூச்சாக. பேரல் ஆர்பர், நடுச்சக்கரம் போன்ற மெதுவாகச் சுழலும் பலமான இடங்களுக்கு அதே நிறுவனத்தின் டி5. வேகமான சக்கரங்களின் பிவட்களுக்கும் பேலன்ஸ் கற்களுக்கும் 9010. பேலட் கற்களின் முகத்துக்கு 941. பேலட்டின் சொந்த பிவட்களுக்கு எண்ணெய் வேண்டாம் என்பது என் வழக்கம். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் கூடவே கூடாது. அங்கே போட்டால் தூசியை அழைத்து உட்கார வைக்கும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துருநீக்கி ஸ்பிரே மூன்றும் இந்த மேசைக்கே வரக்கூடாது.

அளவு: கல்லின் கிண்ணத்தில் பாதி நிறைந்தால் போதும். ஒரு துளி ஓரம் தாண்டி வழிந்தால், அந்த எண்ணெய் முழுவதையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும், பிவட் காய்ந்துவிடும்.

ஏழாம் படி: காந்தம், பீட், நேரம்

எல்லாவற்றையும் பூட்டி, இரண்டு மூன்று சுற்று சாவி கொடுத்ததும் பேலன்ஸ் தானாகத் துள்ளி எழ வேண்டும். தட்டி எழுப்ப வேண்டியிருந்தால் ஏதோ உரசுகிறது. மேலே போகாதீர்கள், திரும்பிப் போய்ப் பாருங்கள்.

சின்னத் திசைகாட்டி ஒன்றை பேலன்ஸ் அருகே பிடியுங்கள். பேலன்ஸின் ஆட்டத்துக்கேற்ப திசைகாட்டியின் முள்ளும் துடித்தால் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறது. பழைய கார்களில் மேக்னெட்டோ, டைனமோ, அம்மீட்டர் என்று காந்தத்துக்குப் பஞ்சமில்லை. இப்போது அதோடு செல்போனை ஒட்டவைக்கும் காந்தப் பிடி வேறு சேர்ந்திருக்கிறது. பழைய காரின் டாஷ்போர்டில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏறிய காந்தத்தை எடுக்க வாட்ச் டீமேக்னடைசர் போதும். பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாகக் கை நீளத்துக்கு விலக்கி, அப்புறம்தான் பொத்தானை விட வேண்டும். பக்கத்திலேயே வைத்து விட்டால் முன்பைவிட அதிகம் ஏறும்.

பீட் என்பது டிக் ஒலிகளின் சமம். டிக்-டாக், டிக்-டாக் என்று இரண்டு இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். டிக்-டாக்... டிக்-டாக்... என்று நொண்டினால், மேசைமேல் ஓடும், காரின் குலுக்கலில் நின்று தானாகக் கிளம்பாது. டிக் ஒலியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் இந்த வேலை நிமிடத்தில் முடியும். அதிலேயே பேலன்ஸ் எத்தனை பாகை ஆடுகிறது என்றும் தெரியும். நல்ல நிலையிலுள்ள எட்டு நாள் இயந்திரம் சாவி கொடுத்த மறுநாள் 230 முதல் 250 பாகை ஆடினால் நான் திருப்தியாக விட்டுவிடுவேன். 200க்குக் கீழே என்றால் எங்கோ அழுக்கோ தளர்ச்சியோ பாக்கி இருக்கிறது.

இப்போதுதான் ரெகுலேட்டர். கைக்கடிகாரத்தை ஆறு நிலைகளில் சரிபார்க்க வேண்டும். கார் கடிகாரம் வாழ்நாள் முழுக்க ஒரே நிலையில் நிற்கிறது. அந்த ஒரு நிலையில் சரியாக இருந்தால் போதும், இது நமக்குக் கிடைத்த வரம். டாஷ்போர்டின் சாய்வில் நிறுத்தி, ரெகுலேட்டரை மயிரிழை நகர்த்தி, 24 மணி நேரம் காத்திருந்து பாருங்கள். சுவிஸ், பிரெஞ்சு இயந்திரங்களில் ஏ என்றால் வேகம், ஆர் என்றால் தாமதம். ஆங்கில இயந்திரங்களில் எஃப் வேகம், எஸ் தாமதம். வாரத்துக்கு 5 நிமிடம் தவறினால் நாளுக்கு சுமார் 43 வினாடி. வாரத்துக்கு 2 நிமிடம், அதாவது நாளுக்கு 17 வினாடி என்ற இடத்துக்குக் கொண்டுவந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் துரத்தினால் காரின் வெப்பமே அதைக் கலைத்துவிடும்.

எப்படி என்றால், ஈடுசெய்யும் அமைப்பு இல்லாத பித்தளை பேலன்ஸும் ஸ்டீல் ஹேர் ஸ்பிரிங்கும் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாளுக்கு ஏறக்குறைய 11 வினாடி பிந்தும். வெயிலில் நிறுத்திய காரில் டாஷ்போர்டு 20 டிகிரி கூடுதலாகச் சூடேறி நான்கு மணி நேரம் அப்படியே இருந்தால், அந்த நேரத்துக்குள் 36 வினாடி போய்விடும். நல்ல கடிகாரங்களில் இரண்டு உலோகங்களைச் சேர்த்து, வளையத்தை வெட்டிவிட்ட பேலன்ஸ் இருக்கும். அது பெருமளவு ஈடுகட்டும். வெப்பத்துக்கு அசையாத எலின்வார் உலோகம் பின்னால் வந்தது. நிக்கல் ஸ்டீல் கலவைகள்பற்றிய ஆய்வுக்காக அதைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் எடுவார்ட் கீயோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. கடிகாரக்காரர்களின் தலைவலி எவ்வளவு பெரியது என்பதற்கு அந்தப் பரிசு ஒரு சாட்சி.

எட்டாம் படி: கூட்டை அடைப்பது

சுத்தம் செய்த கடிகாரம் ஒரே வருடத்தில் மறுபடி அழுக்காவது ஏன்? அது மூச்சு விடுகிறது. பகலில் சூடாகும்போது கூட்டிலுள்ள காற்று விரிந்து வெளியே போகிறது; இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கூடவே சாலைத் தூசியும், கடலோர ஊர்களில் உப்பு ஈரமும் உள்ளே வருகின்றன. சென்னை, தூத்துக்குடி பக்கம் உள்ள கார்களின் கடிகாரங்களில் ஸ்டீல் பாகங்கள் செம்பொடி பூத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடிக்கும் வளையத்துக்கும் நடுவே இருந்த பழைய கேஸ்கெட் பொடியாகிப் போயிருக்கும். மெல்லிய கார்க்கோ ரப்பரோ வெட்டிப் புதிதாகப் போடுங்கள். பின்மூடிக்கும் அப்படியே. அடுத்த பெரிய வழி, சாவித் தண்டு கூட்டைத் துளைத்து வரும் இடம். அந்தத் தண்டில் ஒரு ஃபெல்ட் வளையத்தைக் கோத்து, அதில் துளி கிரீஸ் தடவினால் தண்டு சுழலும், தூசி நிற்கும். வளையத்தைத் திருகும் வகையில் மொத்தச் சுற்றளவும் திறந்த வாசல் என்பதால், அந்தப் பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்து, கெட்டியான கிரீஸ் ஒரு மெல்லிய கோடாக விட வேண்டும். அதிகம் வைத்தால் வெயிலில் உருகி டயலுக்கு இறங்கும். சிலிகான் பசை பூசி மொத்தமாக ஒட்டிவிடுபவர்களும் உண்டு. அடுத்து திறப்பவர் கூட்டை உடைக்க வேண்டிவரும், வேண்டாம்.

ஒன்பதாம் படி: காரில் பொருத்துவது

இதற்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடிலிங் ஓடினால் வினாடிக்கு 20 முறை டாஷ்போர்டை உதறுகிறது. அந்த உதறலில் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடும், திருகுகள் கழலும், பிவட்கள் கற்களை அரைக்கும்.

முதலில் மூலத்தைப் பாருங்கள். இன்ஜினின் டியூனிங், தளர்ந்த மவுண்ட் போல்ட்டுகள், டாஷ்போர்டு மரத்தின் தளர்ந்த மூட்டுகள். ஐடிலிங்கில் டாஷ்போர்டின்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். அது ஊர்ந்து நகர்ந்தால் கடிகாரம் படும் பாடு புரியும். அப்புறம் பிடிப்பு. பின்பக்கம் யூ வடிவ பிராக்கெட்டும் இரண்டு திருகுகளும் இருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மெல்லிய பித்தளைக் கூடு நெளிந்து இயந்திரத்தையே அழுத்தும். விரலால் இறுக்குவது போதும், தளராமல் இருக்க ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். கூட்டின் விளிம்புக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே மெத்தென்ற ரப்பர் வளையமும், பிராக்கெட்டின் கால்களுக்குக் கீழே அதே ரப்பரும் வையுங்கள். உலோகத்தை உலோகம் எங்கும் தொடக்கூடாது. ஓரிடத்தில் தொட்டாலும் மற்ற ரப்பரெல்லாம் வீண். கெட்டியான மெல்லிய ரப்பர் இன்ஜினின் மெதுவான உதறலைத் தடுக்காது, சாலையின் கூர்மையான அடிகளை மட்டும் தணிக்கும். அதனால் விரலால் அழுத்தினால் அமுங்குகிற, கொஞ்சம் தடித்த ரப்பராகப் பாருங்கள்.

சாவித் தண்டு நீளமாக டாஷ்போர்டுக்குக் கீழே இறங்கும் கார்களில், அது மரத்துளையின் ஓரத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். வளையும் கேபிளால் சாவி கொடுக்கும் வகையில் கேபிள் கூர்மையாக மடியாமல் ஓட வேண்டும். டாஷ்போர்டின் பின்னால் இன்ஜினின் சூடு நேராகத் தாக்கும் இடமாக இருந்தால், நடுவே ஃபெல்ட்டோ கார்க்கோ ஒட்டிய ஒரு தகடு வையுங்கள், வெளியிலிருந்து தெரியாது.

தானே சாவி ஏறும் மின்சார வகை

1930களில் பேட்டரி மின்சாரத்தால் தானே சாவி ஏற்றிக்கொள்ளும் கடிகாரங்கள் வந்தன. அமெரிக்காவின் போர்க் இதில் பெரிய பெயர். உள்ளே இயந்திரம் இதே மாதிரிதான். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கான்டாக்ட் மூடும், காந்தச் சுருள் ஒரு கையைத் தட்டிவிடும், குட்டி ஸ்பிரிங் ஏறும். பேட்டரி பலவீனமானால் சுருளுக்குக் கையைத் தட்டும் பலம் இருக்காது. கான்டாக்ட் மூடியபடியே நின்று சுருள் கருகும். ஆகவே மூன்றே வேலை: கான்டாக்ட் முனைகளை நன்றாகத் துடைத்துச் சமப்படுத்துங்கள், வயரில் தனியாக ஒரு சின்ன ஃபியூஸ் போடுங்கள், காரை வாரக்கணக்கில் நிறுத்தும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். 6 வோல்ட் காரை 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் கடிகாரத்துக்கு வோல்டேஜ் குறைப்பான் கட்டாயம். உள்ளேயுள்ளதைத் தூக்கி எறிந்துவிட்டு குவார்ட்ஸ் வைப்பதை நான் ஒப்புவதில்லை. வினாடி முள் தத்தித் தத்திப் போகும் அந்த டயல் அந்தக் காருக்கு அந்நியமாகத் தெரியும்.

ஓட்டத்தில் வைத்திருப்பது

மெயின் ஸ்பிரிங்கின் இழுவை முதல் நாள் அதிகம், எட்டாம் நாள் குறைவு. எட்டு நாளுக்கு ஒரு முறை சாவி கொடுத்தால் கடைசி இரண்டு நாளில் நேரம் சறுக்கும், காரின் குலுக்கலில் நிற்கவும் வாய்ப்புண்டு. வாரத்தில் இரண்டு நாள், ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொண்டு கொடுங்கள். முட்டுவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். காரை மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றாலும் மாதம் ஒரு முறை கடிகாரத்தை மட்டும் ஓட விடுங்கள். எண்ணெய் ஓரிடத்தில் இறுகாது.

நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை முழுச் சுத்தம். தூசிச் சாலைகளில் ஓட்டுபவர்கள் மூன்று வருடத்திலேயே செய்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நிற்கும்வரை காத்திருந்தால் பிவட்கள் அதற்குள் தேய்ந்திருக்கும்.

கடைசியாக, பின்மூடியை மூடும் முன் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் தேதி, ஸ்பிரிங்கின் மூன்று அளவுகள், போட்ட எண்ணெய்களின் எண்கள், ரேடியம் உண்டா இல்லையா என்பதை எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். பழைய ரிப்பேர்காரர்கள் தேதியைக் கூட்டின் உள்ளே ஊசியால் கீறி வைப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உங்கள் கடிகாரத்திலும் அப்படி இரண்டு மூன்று தேதிகள் இருக்கலாம். அவற்றை அழிக்காமல், பக்கத்தில் உங்கள் காகிதத்தை ஒட்டிவிட்டு மூடுங்கள்.